எக்ஸ்மஸ் என்று எழுதினால் கிறிஸ்துவை அடித்துவிட்டோம் என்று பொருளா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி ஆறுவதற்குள் முடியாது. நிதானமாகப் படியுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் பிறந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும். "எக்ஸ்மஸ் என்று எழுதாதீர்கள். கணக்கில் எக்ஸ் என்றால் 'தெரியாத ஒன்று'. வாத்தியார் தப்பான விடைக்குப் போடுவதும் எக்ஸ்தான். கிறிஸ்துவின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் எக்ஸ் போட்டுவிட்டார்கள். இது திட்டமிட்ட சதி" என்று இருக்கும். கடைசி வரியில் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லியிருப்பார்கள்.

அனுப்புகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். தங்கள் சாமியின் பெயர் மீது இருக்கும் பற்றினால் அனுப்புகிறார்கள். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள்கூட, "பாவம், அவர்கள் மனம் புண்படக் கூடாதே" என்று அனுப்புகிறார்கள். அதனால் கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்தவனுக்கு ஒரு எழுத்தைப் பற்றித் தவறான செய்தி போகும்போது கை சும்மா இருக்காது.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்மஸ் என்ற சொல்லின் முதலில் இருப்பது ஆங்கில எக்ஸ் இல்லை. அது ஒரு கிரேக்க எழுத்து. கிறிஸ்து என்ற பெயரின் முதல் எழுத்தே அதுதான். பெயரை எடுத்துவிட்டு வைத்த எழுத்தாக இருந்தால் வருத்தப்படலாம். இது பெயரிலிருந்தே எடுத்த எழுத்து.

இனி விவரத்துக்கு வருவோம்.

கிறிஸ்து என்பது ஓர் ஆளின் பெயர் இல்லை, பட்டம். பழைய யூதர்களிடம் அரசரையும் தலைமைக் குருவையும் பதவியில் அமர்த்தும்போது தலையில் எண்ணெய் ஊற்றும் வழக்கம் இருந்தது. அப்படி எண்ணெய் பூசப்பட்டவரை எபிரேய மொழியில் 'மாஷியாக்' என்றார்கள். நாம் 'மெசியா' என்று சொல்வது அதைத்தான். இதே பொருளில் கிரேக்கர்கள் சொன்ன சொல் 'கிறிஸ்தோஸ்'. புதிய ஏற்பாடு முழுவதும் கிரேக்க மொழியில் எழுதப்பட்டதால், உலகம் முழுக்கப் பரவியது அந்தக் கிரேக்கச் சொல்தான்.

கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஏழு எழுத்துகள். முதல் எழுத்து, இரண்டு சாய்வுக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வடிவம். பார்ப்பதற்கு அச்சு அசல் ஆங்கில எக்ஸ். ஆனால் அதன் பெயர் 'கி'. கிரேக்க நெடுங்கணக்கின் 24 எழுத்துகளில் 22ஆவது. ஆங்கிலேயர்கள் அதைக் 'கை' என்பார்கள். பி.எட். படித்தவர்களுக்குப் புள்ளியியலில் வரும் 'கை வர்க்கச் சோதனை' நினைவிருக்கும். அந்தக் 'கை' இதுதான். பழங்காலத்தில் அதன் ஒலி, மூச்சுக் காற்றோடு சேர்ந்த 'க்'. இந்தி தெரிந்தவர்களுக்குச் சொன்னால், அங்கே க வரிசையின் இரண்டாவது எழுத்து மாதிரி.

இரண்டாவது எழுத்து 'ரோ'. வடிவம் ஆங்கில 'பி' மாதிரி இருக்கும். ஒலி 'ர்'. இந்த இரண்டு எழுத்துகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

"ஒரே வடிவம், ஆங்கிலத்தில் 'க்ஸ்', கிரேக்கத்தில் 'க்' என்று எப்படி ஆனது?" என்று வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. கிரேக்கர்கள் பினீசியரிடமிருந்து எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாற்றி எழுதினார்கள். கிழக்குப் பகுதியில், அதாவது இன்றைய துருக்கிக் கரையோரத்தில் இருந்த அயோனியாவில், இந்த வெட்டுக் கோட்டுக்கு 'க்' ஒலி. மேற்கு வகை எழுத்தைப் பயன்படுத்திய யூபியா தீவுக்காரர்களிடம் அதற்கு 'க்ஸ்' ஒலி. இந்த யூபியாக்காரர்கள் இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே கூமே என்ற இடத்தில் குடியேறினார்கள். அவர்களிடமிருந்து எட்ருஸ்கர்களும், எட்ருஸ்கர்களிடமிருந்து ரோமானியரும் எழுத்தைக் கற்றார்கள். ரோமானியரின் லத்தீன் எழுத்துதான் இன்றைய ஆங்கில எழுத்து. ஆகவே ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது மேற்கு ஒலி.

கிரேக்க நாட்டிலோ, கி.மு. 403 வாக்கில் ஏதென்ஸ் நகரம் கிழக்கு வகை எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. மற்ற ஊர்களும் பின்தொடர்ந்தன. ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தம்பியும் இரண்டு ஊரில் குடியேறி இரண்டு பாஷை பேசுவது மாதிரிதான். முகம் ஒன்று, பேச்சு வேறு. நமக்கு வந்த குழப்பத்துக்கெல்லாம் இதுதான் காரணம். கிழக்கத்தி அண்ணனைப் பார்த்து மேற்கத்தித் தம்பி என்று நினைத்துக்கொண்டோம்.

கிரேக்கரிடமிருந்து எழுத்தைப் பெற்ற ரஷ்யர்களிடம் இந்தக் குழப்பமே கிடையாது. ரஷ்ய மொழியில் கிறிஸ்து என்று முழுதாக எழுதினாலே முதல் எழுத்து இந்த வெட்டுக் கோடுதான். அவர்களிடம் போய் "எக்ஸை எடுங்கள்" என்று சொன்னால் கிறிஸ்துவின் பெயரே எழுத முடியாது.

சரி, எழுத்து புரிந்தது. பெயரைச் சுருக்குவது மரியாதைக் குறைவு ஆகாதா என்று கேட்கலாம். இந்த இடத்தில்தான் வரலாறு நம்மை ஆச்சரியப்படுத்துகிறது.

எகிப்தின் வறண்ட மணலில் பழைய பாப்பிரஸ் ஏடுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் கிறிஸ்தவ நூல்களும் உண்டு. புனித பவுலின் கடிதங்கள் அடங்கிய ஓர் ஏட்டுக்கு 'பாப்பிரஸ் 46' என்று அறிஞர்கள் எண் கொடுத்திருக்கிறார்கள். கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தது என்று கணிக்கப்படுகிறது. அதன் ஒரு பகுதி டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்திலும் மறு பகுதி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. இந்த ஏடுகளில் எல்லாச் சொற்களும் முழுதாக இருக்கும். ஆனால் கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து போன்ற சில சொற்கள் வரும்போது மட்டும் எழுதுகிறவர் சுருக்கிவிடுவார். பெரும்பாலும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும். அவற்றின் தலைக்கு மேல் ஒரு படுக்கைக் கோடு. பின்னாளில் இந்தப் பட்டியல் சுமார் பதினைந்து சொற்களாக வளர்ந்தது. ஜெர்மானிய அறிஞர் லுட்விக் டிரவுபே இவற்றுக்கு 'திருப்பெயர்கள்' என்று பொருள்படும் லத்தீன் பெயரை வைத்தார். 1907இல் வெளியான அவருடைய நூலின் தலைப்பே அதுதான்.

இடம் மிச்சம் பிடிக்கவா இப்படிச் சுருக்கினார்கள்? இல்லை. நான்கு எழுத்துச் சொல்லை இரண்டாக்கி என்ன மிச்சமாகிவிடப் போகிறது? தாராளமாக ஓரம் விட்டு எழுதிய ஏடுகளிலும் இந்தச் சுருக்கம் இருக்கிறது. நீளமான சாதாரணச் சொற்கள் பக்கத்திலேயே முழுதாக இருக்கின்றன. அப்படியானால் சுருக்கியது சிக்கனத்துக்காக இல்லை, வணக்கத்துக்காக. வாசித்துக்கொண்டே வருகிறவன் கண்ணில் அந்தக் கோடு பட்டதும், "இது சாதாரணச் சொல் இல்லை" என்று தெரிய வேண்டும். யூதர்கள் இறைவனின் நான்கெழுத்துப் பெயரை வாயால் உச்சரிக்க மாட்டார்கள். வேதத்தைக் கிரேக்கத்தில் எழுதிய சில யூத ஏடுகளில், அந்தப் பெயர் வரும் இடத்தில் மட்டும் பழைய எபிரேய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த மரபின் நிழலில்தான் முதல் கிறிஸ்தவர்களும் வளர்ந்தார்கள்.

இது நமக்குப் புரியாத விஷயமா? என் அம்மா கடைசிவரை அப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்குப் பெயர் கேட்டால் என்னைப் பார்ப்பார்கள், நான்தான் சொல்ல வேண்டும். அப்பா மேல் மரியாதை இல்லாததாலா சொல்லவில்லை? முழுப் பெயரையும் உரக்கச் சொல்வது மட்டும்தான் மரியாதை என்பது எல்லாக் காலத்துக்கும் எல்லா ஊருக்கும் பொருந்தாது.

அடுத்து, ரோமாபுரிக்குப் போவோம். கி.பி. 312, அக்டோபர் 28. ரோம் நகருக்கு வெளியே மில்வியன் பாலத்தருகே கான்ஸ்டன்டைனும் மக்சென்டியசும் மோதினார்கள். போருக்கு முன் கான்ஸ்டன்டைன் கனவில் வந்த கட்டளைப்படி வீரர்களின் கேடயங்களில் கிறிஸ்துவின் குறியை எழுதச் செய்தான் என்று அந்தக் காலத்து எழுத்தாளர் லாக்டான்சியஸ் எழுதுகிறார். வானத்தில் கண்ட காட்சி என்று யூசேபியஸ் எழுதுகிறார். கனவா காட்சியா என்ற விவாதம் நமக்கு வேண்டாம். கான்ஸ்டன்டைன் வென்றான். நான் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த இரண்டு எழுத்துகள், 'கி'யும் 'ரோ'வும், ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டு அவன் கொடியில் ஏறின. 315இல் அவன் வெளியிட்ட வெள்ளிப் பதக்கம் ஒன்றில், அவனுடைய தலைக்கவசத்தில் அந்தக் குறி தெளிவாகத் தெரிகிறது.

இந்தக் கூட்டெழுத்து அதற்கு முன்பும் உண்டு. கிரேக்கர்கள் ஏடு படிக்கும்போது, பயனுள்ள பகுதி வந்தால் ஓரத்தில் இப்படி ஒரு குறி போடுவார்கள். 'பயனுள்ளது' என்பதற்கான கிரேக்கச் சொல்லும் இதே இரண்டு எழுத்தில்தான் தொடங்கும். நம் பிள்ளைகள் நோட்டின் ஓரத்தில் 'முக்கியம்' என்று நட்சத்திரம் போடுவதைப் போல. கிறிஸ்தவர்கள் கையில் அது பெயரின் குறியாக மாறியது.

கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு இந்தக் குறி ரோமப் பேரரசு முழுக்கப் பரவியது. 1963இல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஹின்டன் செயின்ட் மேரி என்ற சிற்றூரில் பூமிக்கடியில் நான்காம் நூற்றாண்டுத் தரைச் சித்திரம் ஒன்று கிடைத்தது. வண்ணக் கற்களைப் பதித்துச் செய்தது. நடுவில் ஓர் ஆணின் முகம். அது கிறிஸ்துவின் முகம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலருடைய கருத்து. எதை வைத்துச் சொல்கிறார்கள்? தலைக்குப் பின்னால் இந்தக் 'கி-ரோ' குறி இருக்கிறது. அங்கே அந்த எழுத்து கிறிஸ்துவை மறைக்கவில்லை. அவரை அடையாளம் காட்டுவதே அதுதான்.

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உச்சம் அயர்லாந்தில் இருக்கிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 'கெல்ஸ் நூல்' என்ற கையெழுத்துப் பிரதியைப் பாதுகாத்து வருகிறார்கள். கி.பி. 800ஐ ஒட்டித் துறவிகள் கன்றுத் தோலில் எழுதி வரைந்த நற்செய்தி நூல். அதில் ஒரு பக்கம் உலகப் புகழ் பெற்றது. மத்தேயு நற்செய்தியில் வம்ச வரலாறு முடிந்து, இயேசு கிறிஸ்துவின் பிறப்பு எப்படி நடந்தது என்று சொல்லத் தொடங்கும் வசனம் அந்தப் பக்கத்தில் வருகிறது. வசனத்தின் முதல் சொல் கிறிஸ்து. அந்தச் சொல்லை எழுத வேண்டிய ஓவியத் துறவி என்ன செய்தார் தெரியுமா? நம் வாட்ஸ்அப் செய்தி திட்டுகிற அந்த ஓர் எழுத்தைப் பக்கம் கொள்ளாத அளவுக்குப் பெரிதாக வரைந்தார். ஒரு கால் நீண்டு வளைந்து கீழே பாய்கிறது. உள்ளே சுருள், சுருளுக்குள் சுருள். உற்றுப் பார்த்தால் தேவதூதர்கள், அந்துப்பூச்சிகள், மீன் பிடித்த நீர்நாய், பூனைகள், எலிகள். பக்கத்திலேயே 'ரோ'வும் அடுத்த எழுத்தும் அதன் நிழலில் ஒதுங்கி நிற்கின்றன. பெயரின் மற்ற எழுத்துகள் அங்கே இல்லை. சுருக்கம்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கிறிஸ்து பிறப்பின் கதை தொடங்கும் இடத்தில், எக்ஸ் வடிவ எழுத்து ஒன்று முழுப் பக்கத்தை ஆள்கிறது. 1200 ஆண்டுகளுக்கு முன் கண்ணும் கையும் நோக உட்கார்ந்து அதை வரைந்த அந்தத் துறவியிடம் போய், "ஐயா, நீங்கள் கிறிஸ்துவை அடித்துவிட்டீர்கள்" என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

கெல்ஸ் நூலின் மொழி லத்தீன் என்பதைக் கவனிக்க வேண்டும். லத்தீனில் எழுதினாலும் கிறிஸ்து, இயேசு என்ற பெயர்களை மட்டும் கிரேக்க எழுத்தில் சுருக்கி எழுதுவது ஐரோப்பா முழுக்க வழக்கமாகிவிட்டது. இயேசு என்ற பெயரின் முதல் மூன்று கிரேக்க எழுத்துகள்தான், பார்வைக்கு ஆங்கில ஐ, எச், எஸ் போலத் தெரிகின்றன. கோவில் பீடங்களிலும் திருவுடைகளிலும் பார்த்திருப்பீர்கள். வீரமாமுனிவர் சேர்ந்திருந்த இயேசு சபையின் முத்திரையிலும் அந்த மூன்று எழுத்துகள் உண்டு. அதை யாரும் சதி என்று சொன்னதில்லை.

அமெரிக்காவுக்கு வழி கண்ட கொலம்பஸ் தன் கையெழுத்தை எப்படிப் போட்டார் என்று பாருங்கள். அவருடைய முதற்பெயர் கிறிஸ்டோபர். 'கிறிஸ்துவைச் சுமப்பவர்' என்று பொருள். அவர் கையெழுத்தில் முதல் பாதி கிரேக்கச் சுருக்கம், அதே வெட்டுக் கோட்டில் தொடங்கும். மறு பாதி 'சுமப்பவன்' என்ற லத்தீன் சொல். தன் பெயரிலேயே கிறிஸ்து இருக்கிறார் என்று பெருமைப்பட்ட மனிதர் அந்தப் பெயரை அப்படித்தான் எழுதினார்.

இந்த வழக்கம்தான் ஆங்கிலத்துக்கும் வந்தது. 'கிறிஸ்துவின் பூசை' என்பதுதான் ஆங்கிலத்தில் கிறிஸ்துமஸ். 'மஸ்' என்ற பின்பாதி பூசையைக் குறிக்கும், நாம் திருப்பலி என்கிறோமே, அது. ஆங்கிலோ சாக்சன் நாளாகமம் என்ற பழைய ஆங்கில வரலாற்று ஏட்டில், 1100ஐ ஒட்டிய பகுதியில், கிறிஸ்துமஸின் முன்பாதி கிரேக்கச் சுருக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1551ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில், எக்ஸுக்குப் பின் மேற்புள்ளி வைத்து, இன்றைய வடிவத்துக்கு நெருக்கமாக எழுதியிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டுக்குள் இன்று நாம் காணும் எக்ஸ்மஸ் வந்துவிட்டது. கோல்ரிட்ஜ், பைரன், லூயி கரோல் எல்லாரும் அதைக் கையாண்டிருக்கிறார்கள்.

இனி அந்த வாட்ஸ்அப் செய்தியின் கணக்குப் பாடத்தைச் சரிபார்ப்போம். தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று பெயர் வைக்கும் வழக்கத்தை நிலைநாட்டியவர் பிரெஞ்சுக்காரரான தெகார்த். அவருடைய வடிவியல் நூல் வெளிவந்தது 1637இல். ஆங்கிலேயர்கள் கிறிஸ்துமஸைச் சுருக்கி எழுதத் தொடங்கி ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. பாப்பிரஸ் காலத்திலிருந்து கணக்குப் போட்டால் 1400 ஆண்டுகளுக்கு மேல். பேரன் செய்த காரியத்தைத் தாத்தா தலையில் கட்டலாமா?

தப்புக்குப் போடும் குறியும் இப்படித்தான். அது வேறு, இது வேறு. வெட்டுக் கோடு எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் எளிதாகப் போடக்கூடிய குறி. எழுதத் தெரியாதவர்கள் ஐரோப்பாவில் பத்திரங்களில் சிலுவை மாதிரி ஒரு கீறல் போட்டார்கள். நம் ஊரிலும் கீறல் போட்டார்கள். அந்தக் குறிக்குத் 'தற்குறி' என்றே பெயர். குறியின் பெயர் பின்னாளில் ஆளின் பெயராகி, படிக்காதவரையே தற்குறி என்று சொல்ல ஆரம்பித்தோம். ஒரே கீறல், ஓரிடத்தில் தப்பு, ஓரிடத்தில் கையெழுத்து, ஓரிடத்தில் பெருக்கல், ஓரிடத்தில் பத்து. ரோமானிய எண்ணில் பத்துக்கும் அதே வடிவம்தானே. எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தான் பொருள் சொல்ல வேண்டும்.

வாத்தியார் என்பதால் இன்னொன்றும் சொல்லாமல் விட மனமில்லை. பழைய இங்கிலாந்தில் பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கைப்பிடி வைத்த சிறு பலகை கொடுப்பார்கள். அதில் எழுத்துகளை ஒட்டி, மேலே மெல்லிய கொம்புத் தகடு பொருத்தியிருப்பார்கள். நம் திண்ணைப் பள்ளியில் 'அரி நமோத்து சிந்தம்' என்று தொடங்கியது போல, அங்கே எழுத்து வரிசைக்கு முன்னால் ஒரு சிலுவைக் குறி இருக்கும். அதைக் 'கிறிஸ்துவின் சிலுவை' என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளை முதல் எழுத்துக்கு வரும். அந்தச் சொல் வாயில் தேய்ந்து தேய்ந்து 'கிறிஸ்-கிராஸ்' ஆனது. இன்று குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் எதையும் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். சொல்லுகிறவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே கிறிஸ்து இருப்பது தெரியும்? எழுத்தும் சொல்லும் இப்படித்தான் பழசைப் பத்திரமாக வைத்திருக்கும். திறந்து பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

எக்ஸ்மஸ் மீதான அச்சம் வாட்ஸ்அப்பில் பிறந்தது இல்லை. 1977இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில ஆளுநர் மெல்ட்ரிம் தாம்சன், இது புறச்சமயத்தாரின் எழுத்துக்கூட்டல், பத்திரிகைகள் இப்படி எழுதக் கூடாது என்று அறிக்கையே விட்டார். அந்த அச்சத்தில் ஒரு பாதி நியாயமும் இருக்கிறது. கிரேக்கம் தெரிந்த பாதிரியார் இந்த எழுத்தைப் போட்டபோது அவர் மனதில் கிறிஸ்து இருந்தார். தள்ளுபடி விற்பனைப் பலகையில் அதைப் போடும் கடைக்காரர் மனதில் பலகையின் அகலம்தான் இருக்கும். பண்டிகை முழுக்க வியாபாரமாகிவிட்டதே என்று பக்தர்களுக்கு ஏற்படும் வருத்தம் உண்மையான வருத்தம். ஆனால் அந்த வருத்தத்தை ஒரு பழைய எழுத்தின் மேல் இறக்கி வைப்பது சரியில்லை.

சரியில்லை என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதில் அடிபடுவது பிள்ளைகள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஸ்கெட்ச் பேனாவால் வாழ்த்து அட்டை செய்து, ஆங்கிலத்தில் எக்ஸ்மஸ் வாழ்த்து எழுதி, தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறாள். அவர், "சாமி பேரை வெட்டிட்டியே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் அந்த அட்டை மடித்து ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் இருந்தது. "சார், சாமி கோவிச்சுக்குமா?" என்று கேட்டாள். அட்டையில் இடம் போதவில்லை என்பதற்காகச் சுருக்கி எழுதிய பிள்ளை. அவளுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போனது. கரும்பலகையில் அந்த ஏழு கிரேக்க எழுத்துகளையும் வரிசையாக எழுதி, முதல் எழுத்தை மட்டும் வட்டம் போட்டுக் காட்டினேன். அன்று வரலாற்றுப் பாடம் நடக்கவில்லை, அல்லது அதுதான் நடந்தது.

"பெயர் முழுதாக இல்லாவிட்டால் பண்டிகையே இல்லை" என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. உலகின் பல மொழிகளில் இந்தப் பண்டிகையின் பெயரில் கிறிஸ்து என்ற சொல்லே கிடையாது. பிரெஞ்சில் நொயேல், ஸ்பானிய மொழியில் நவிதாத், போர்ச்சுகீசிய மொழியில் நத்தால். மூன்றும் 'பிறப்பு' என்ற பொருளுள்ள சொற்கள். ஜெர்மன் மொழியில் 'புனித இரவு' என்ற பொருளில் சொல்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் 'நத்தார்' என்கிறார்களே, அது போர்ச்சுகீசியர் விட்டுச் சென்ற நத்தால்தான். யாழ்ப்பாணத்தில் நத்தார் கொண்டாடுகிறவர்களின் பக்தி நம்மூர்க் கிறிஸ்துமஸ் பக்தியைவிட எந்த விதத்தில் குறைவு?

கடைசியாக நம் வீட்டுக்கே வருகிறேன். இந்தப் பதிவில் மட்டும் எத்தனை இடத்தில் கி.மு., கி.பி. என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? கிறிஸ்துவுக்கு முன், கிறிஸ்துவுக்குப் பின். இங்கே 'கி' என்ற ஒரே எழுத்து அந்த முழுப் பெயருக்காக நிற்கிறது. அசோகர், கரிகாலன், ராஜராஜன் என்று யாருடைய பாடம் நடத்தினாலும் இந்த எழுத்து இல்லாமல் கரும்பலகை நிறைந்ததில்லை. இந்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், கிறிஸ்தவப் பிள்ளைகள் எல்லாரும் எழுதினார்கள். கிறிஸ்துவின் பெயரை வெட்டிவிட்டீர்கள் என்று எந்தப் பெற்றோரும் வந்து சண்டை போட்டதில்லை. ஏனென்றால் அது பெயரின் முதல் எழுத்து என்று எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலத்தில்கூட பின்பகுதிக்கு 'ஆண்டவரின் ஆண்டில்' என்ற லத்தீன் தொடரைத்தான் சுருக்குகிறார்கள். தமிழில்தான் இரண்டு பக்கமும் கிறிஸ்துவை வைத்தோம். இப்போது புதிய புத்தகங்களில் பொ.ஆ. என்று பொது ஆண்டுக்கு மாறி வருகிறார்கள். அது தனி விவாதம். இன்னொரு நாள் பேசலாம்.

இங்கே ஒரு சுவையான ஒற்றுமை. அந்தக் கிரேக்க எழுத்தின் பெயர் 'கி' என்று சொன்னேன் அல்லவா? கி.மு.வில் நாம் போடுவதும் 'கி'. கிரேக்கர் தங்கள் எழுத்தில் எதைச் செய்தார்களோ, அதையே, அதே ஒலியில், தமிழில் நாமும் செய்திருக்கிறோம். கி.பி. என்பதில் குற்றம் காணாதவர் எக்ஸ்மஸிலும் குற்றம் காண வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வேலை.

வாசிப்பதிலும் ஒரு விஷயம். ரூ. 100 என்று எழுதுகிறோம். யாராவது "ரூ நூறு" என்று வாசிக்கிறோமா? ரூபாய் நூறு என்றுதான் வாசிக்கிறோம். எக்ஸ்மஸ் என்று எழுதியிருந்தால் அதைக் கிறிஸ்துமஸ் என்று வாசிப்பதுதான் பழைய முறை. எழுத்தைக் கண் பார்க்கும், பெயரை வாய் சொல்லும்.

நான் யாரையும் எக்ஸ்மஸ் என்று எழுதச் சொல்லவில்லை. பல ஆங்கிலப் பத்திரிகைகளின் நடைக் கையேடுகள் அதைத் தவிர்க்கத்தான் சொல்கின்றன. அது பேச்சுவழக்குச் சாயல் உள்ள வடிவம் என்பது ஒரு காரணம். பிள்ளைகளுக்கும் பரீட்சையில் முழுதாகவே எழுதச் சொல்லுங்கள், எழுத்துக்கூட்டல் பழகும். முழுப் பெயரையும் எழுதினால்தான் மனம் நிறைகிறது என்பவர்கள் தாராளமாக முழுதாக எழுதுங்கள். அது உங்கள் அன்பு. ஆனால் சுருக்கி எழுதிய இன்னொருவரைக் கடவுளின் எதிரி ஆக்காதீர்கள். அவரை அறியாமலே அவர் 1800 ஆண்டுப் பழைய பக்தி ஒன்றைப் பின்பற்றிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த முறை ஏதாவது ஒரு தேவாலயத்துக்குப் போனால், பீடத்துணியிலோ, குருவின் உடையிலோ, மெழுகுவர்த்தியிலோ, ஆங்கில 'பி' எழுத்தின் காலில் ஓர் எக்ஸ் குறுக்கே போட்ட மாதிரி ஒரு குறி இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் காட்டுங்கள். பி, எக்ஸ் என்று படிப்பார்கள். 'கி', 'ரோ' என்று சொல்லிக்கொடுங்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால் 'கிறி' என்று வரும். மீதிப் பெயரை அவர்களே சொல்லிவிடுவார்கள்.